சுவரிலுள்ள முகங்களைக் காப்பாற்றுவோம்



1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் வலிகாமத்துச் சனங்கள் இரவோடிரவாகத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். கையில் அகப்பட்டதுதான் மிச்சம். பின்னாளில் நாங்கள் அங்கே போனபோது ஒரு பாட்டி சொன்னார்: "நகை பிறகு வாங்கினம் தம்பி. எங்கட அப்பாவின்ர முகந்தான் திரும்பக் கிடைக்கேல்லை."

அந்த வீட்டில் இப்போது பேத்தியின் கலியாணப் படம் மாட் தாளில் தொங்குகிறது. மாட் படம் வெளிச்சத்தில் பளபளக்காது, விரலடையாளமும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் உரசினால் தழும்பு விழும். ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம். காய்ந்த மெல்லிய தூரிகை போதும்.

அங்கே வெயிலும் உப்புக்காற்றும் எதிரி. நம் லயத்திலோ ஈரமும் அடுப்புப் புகையும். ஆகவே மழைநீர் கசியும் சுவரிலும், அடுப்படியிலும், சாமிவிளக்குக்கு மேலேயும் மாட்ட வேண்டாம். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓரமெல்லாம் மட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடேயே இன்னொரு படம் பிடித்து வையுங்கள்.

பெயரையும் ஆண்டையும் துண்டில் எழுதிச் சட்டத்தின் பின்னால் ஒட்டுங்கள். ஒரு பிரதி வேறு ஊரிலுள்ள சொந்தத்திடம் இருக்கட்டும். ஆபத்து சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அங்கே போன உயிர்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது. முகத்தையாவது பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம்.