சேஃப்டி வால்வை டைட் பண்ணலாமா? தோட்டத்து நீராவி எஞ்சினும் ஒரு பொய் கேஜும்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும்தான் இன்னைக்கு எடுத்துக்கிறேன். ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, பழைய லைவ் ஸ்டீம் எஞ்சின் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. கேஜ்ல 25 காட்டும்போதே சேஃப்டி வால்வ் திறந்துக்குது. 40 வரைக்கும் போகணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. வால்வை டைட் பண்ணிரலாமா?"

வேண்டாம் தம்பி. இதைக் கேட்கிற நேரத்துல கையில ஸ்பேனர் இருந்தா கீழ வெச்சிருங்க. இதே வேலையை நான் பண்ணிட்டேன், எண்கள் கூடக் கிட்டத்தட்ட இதேதான்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு நிமிஷம். இது மோட்டார் வெச்ச பொம்மை ரயில் இல்லை. உள்ள செம்பு பாய்லர், அதுக்கு நடுவுல ஒரு காஸ் பர்னர், ரெண்டு சிலிண்டர், பிஸ்டன். ஓடுறது 45 மில்லிமீட்டர் தண்டவாளம். மீட்டர் கேஜை 22.5-ஆல வகுத்தா 44.4 வரும். அதாவது, திருச்சியில இருந்து புதுக்கோட்டை வழியா மானாமதுரைக்குப் போன பழைய மீட்டர் கேஜ் லைனைச் சுருக்கி வீட்டு வாசல்ல போட்ட மாதிரிதான். மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏறுற ரயில் இன்னைக்கும் மீட்டர் கேஜ். அதை இழுக்கிற எக்ஸ் கிளாஸ் எஞ்சின் 1914-ல சுவிட்சர்லாந்துல, வின்டர்தூர்ல பிறந்த டிசைன். அதுல நிலக்கரியில ஓடுற ஒரு புது எஞ்சினை 2021-ல நம்ம பக்கத்துப் பொன்மலை ஒர்க்‌ஷாப்லயே கட்டி முடிச்சாங்க. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் ஆட்கள் சேர்ந்து செய்ற வேலையில ஒரு துளியை நாம திண்ணையில உட்கார்ந்து தனியா செய்றோம்.

எல்லாத்தையும் 22.5 மடங்கு சுருக்கலாம். நீராவியைச் சுருக்க முடியாது. 40 பிஎஸ்ஐ-ன்னா உள்ள இருக்கிற தண்ணி சுமார் 142 டிகிரியில இருக்கு, எஞ்சின் எவ்வளவு குட்டியா இருந்தாலும். என் பாய்லர் பிடிக்கிறது 200 மில்லி, ஒரு டம்ளர் தண்ணி. அது திடீர்னு திறந்துக்கிட்டா அதுல ஏறக்குறைய 15 மில்லி அந்த நொடியே ஆவியாகும். கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா அந்த ஆவிக்கு 25 லிட்டர் இடம் வேணும், வீட்டுக்கு வர்ற தண்ணி கேனை விடப் பெருசு. மிச்சம் இருக்கிற கொதி தண்ணியையும் அது சேர்த்து வாரி அடிக்கும்.

இப்ப என் கதை. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின எஞ்சின். வந்த முதல் வாரமே 25-ல வால்வ் புஸ்ஸுனு ஊத ஆரம்பிச்சிருச்சு. ஸ்பிரிங் தளர்ந்துபோச்சுன்னு நானே முடிவு பண்ணி, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கி, கேஜ்ல 40 வந்ததும் திறக்கிற மாதிரி வெச்சேன். எஞ்சின் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. அக்கா பையன் தரையில குப்புறப் படுத்து, மூஞ்சியை ஒரு அடி தூரத்துல வெச்சுக்கிட்டு, "மாமா, இன்னொரு ரவுண்டு"ன்னான். நாலு ஞாயித்துக்கிழமை அப்படியே ஓட்டினோம்.

அப்புறம் ரெகுலேட்டர் பக்கம் ஒரு கசிவு. பாய்லர்லயே விரிசலோன்னு பயந்து ஹைட்ராலிக் டெஸ்ட் பண்ணிரலாம்னு உட்கார்ந்தேன். இது பச்சைத் தண்ணியில செய்ற டெஸ்ட். நெருப்பு கிடையாது. பாய்லரைக் காத்து ஒரு சொட்டு இல்லாம நிரப்பி, சேஃப்டி வால்வைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா கை பம்ப்ல அழுத்தம் ஏத்தணும். தண்ணி அமுங்காது, அதனால எங்கயாவது விட்டுப்போச்சுன்னா ஒரு சொட்டு வெளிய வந்து அழுத்தம் விழுந்திரும். வெடிக்காது. இதையே காத்து அடிச்சு டெஸ்ட் பண்ணா அது குண்டு. கம்ப்ரஸர் பக்கத்துலயே இருந்தாலும் தொடாதீங்க.

பம்பை மாட்ட ஒரு அடாப்டர் வேணும். நம்ம ஊர் லேத் பட்டறையில வரைஞ்சு கொடுத்துக் கடைஞ்சு வாங்கினேன். அதுல புதுசா வாங்கின ஒரு கேஜையும் மாட்டினேன். பம்ப் அடிச்சேன். புது கேஜ் 40. எஞ்சின் கேஜ் 25. திரும்ப இறக்கி ஏத்தினேன். அதேதான். புதுசு 55 காட்டுறப்போதான் பழசு 40-க்கு வந்துச்சு.

வால்வ் முதல் நாள்ல இருந்தே சரியா வேலை செஞ்சிருக்கு. கேஜ்தான் பொய். கழட்டிப் பார்த்தா, முள் அதோட அச்சுல வழுக்கிப் பின்னால போயிருக்கு. அப்படின்னா குளிர்ந்து இருக்கும்போது பூஜ்யத்துக்குக் கீழ காட்டியிருக்கணும் இல்லையா? காட்டாது. பூஜ்யத்துல முள்ளைத் தடுக்க ஒரு குட்டி பின் இருக்கு. முள் அதுல சாஞ்சு நின்னுக்கிட்டு, "நான் சரியா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. ஆபீஸ்ல அலர்ட் தொல்லை தாங்காம த்ரெஷோல்டை ஏத்தி விடுவோமே, நான் பண்ணது அதுதான். சர்வர் விழுந்தா எழுப்பிக்கலாம். அங்க குழந்தை படுத்திருந்தான்.

40-ல ஓடுற பாய்லரைப் புதுசுல ரெண்டு மடங்குக்கு, அதாவது 80-க்கு, டெஸ்ட் பண்றது இந்தப் பொழுதுபோக்குல வழக்கம். அதனாலதான் 55 தாங்குச்சு. பழசுக்கு ஒன்றரை மடங்கு. நானும் 60-ல கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தேன், முள் அசையலை. கசிவு பாய்லர்ல இல்லை, ரெகுலேட்டர் ஓ-ரிங்ல. பத்து ரூபாய் சமாச்சாரம்.

இதை யாரும் வந்து கேட்க மாட்டாங்க. 1923-ம் வருஷத்து பாய்லர் சட்டமும் சரி, அதுக்குப் பதிலா 2025-ல வந்த சட்டமும் சரி, 25 லிட்டருக்குக் குறைவான பாய்லர் பக்கமே வராது. இன்ஸ்பெக்டர் கிடையாது, சர்ட்டிஃபிகேட் கிடையாது. நோட்டுல தேதி போட்டு நாமதான் எழுதி வெச்சுக்கணும்.

சரி, கேஜ் ஒழுங்கு, வால்வ்தான் சீக்கிரம் கசியுதுன்னா? அப்பவும் முறுக்காதீங்க, கழட்டிப் பாருங்க. நம்ம போர் தண்ணியை ஊத்தியிருந்தா வால்வ் உட்கார்ற இடத்துல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும். கெட்டில் அடியில படியுமே, அதேதான். எலுமிச்சை உப்பைத் தண்ணியில கரைச்சு கொஞ்ச நேரம் ஊற வெச்சா போயிரும். ராத்திரி முழுக்கப் போட்டு வெச்சிராதீங்க, பித்தளையைத் தின்னும். நான் இப்ப மாடியில பிடிச்ச மழைத் தண்ணியைத் துணியில வடிகட்டி ஊத்துறேன்.

இன்னொண்ணு, காஸ். குளிர் நாட்டுக்காரங்க வீடியோல காஸ் டேங்க்கைச் சூடு பண்ண வெந்நீர்ல வைப்பாங்க. அதைப் பார்த்து இங்க செய்யாதீங்க. சித்திரை வெயில்ல பியூட்டேன் தானாவே முறுக்கிக்கிட்டு நிக்கும். காலையில ஏழு மணிக்குள்ள ஓட்டி முடிச்சிருங்க, வால்வை மயிரிழை அளவு திறந்தா போதும். ஜெட் அடைச்சா ஊசி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிரும். தின்னர்ல ஊறப் போட்டு, எதிர்ப்பக்கத்துல இருந்து ஊதுங்க.

தம்பி, நல்ல கேஜ் ஒண்ணு வாங்குங்க, பக்கத்துல மாட்டிப் பாருங்க, என்ன வந்துச்சுன்னு எழுதுங்க. என் வால்வ் திரும்ப நிஜமான 40-க்கு வந்திருச்சு. நட்டு மேல அக்காவோட சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன், யார் முறுக்கினாலும் தெரிஞ்சிரும். அக்கா பையனுக்கு இப்ப ஆறடி தள்ளி ஒரு ஸ்டூல். அவனுக்கு அதுல இன்னும் கோபம்தான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.