தந்திக் கம்பியும் தாமதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

யாம் பட்டம் பெற்ற அறிஞர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் குமாஸ்தா. எனினும், தொழிலோடு தொடர்புடைய ஏதேனும் ஒன்றைப் பேசுக எனச் செயற்குழுவினர் அன்போடு பணித்தனர். ஆகவே, இந்நாட்டில் தந்திக் கம்பி நடப்பட்ட வரலாற்றையும், அது தாமதப்பட்ட வரலாற்றையும் சுருங்கக் கூற முற்படுகிறோம்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் போதித்த ஓஷாநெசி என்னும் மருத்துவர், 1839ஆம் ஆண்டில் அந்நகரின் அருகே 21 மைல் நீளத்திற்குக் கம்பி அமைத்து மின்சாரத்தால் செய்தி அனுப்பிக் காட்டினார். அதில் 7,000 அடித் தொலைவுக்கு ஆற்று நீரையே மின்னோட்டம் செல்லும் வழியாகக் கொண்டார். உலகெங்கும் இக்கலை தவழும் பருவத்தில் இருந்த காலம் அது. ஆயினும் கும்பினி அரசார் அதனைக் கண்டுகொள்ளவில்லை. சோதனை வெற்றி; பயனோ இல்லை. பதினோர் ஆண்டுகள் வீணாயின.

1848ல் டல்ஹௌசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்த பின்னரே காரியம் அசைந்தது. 1850ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் துறைமுகம் வரை சோதனை வழி தொடங்கி, அடுத்த ஆண்டு பயனுக்கு வந்தது. அன்று போட்டது பிற்காலத்தில் வந்த மெல்லிய கம்பி அன்று. கனமான இரும்புக் கோல். அந்த முதல் வழியில் பயிற்சி பெற்றுப் பணியாற்றியவர் சிப்சந்திர நந்தி என்னும் வங்காளி. பிற்காலத்தில் பத்மா நதியின் குறுக்கே கம்பிவடம் இறக்க நேர்ந்தபோது, நீராவிக் கப்பலுக்குப் பெருஞ்செலவு ஆகும் எனக் கண்டு, மீன் படகுகளைக் கொண்டே அவர் அப்பணியை முடித்தார் என்பர்.

1852ல் பர்மா யுத்தம் மூண்டது. ரங்கூனிலிருந்து கப்பல் கொணர்ந்த செய்தி கடல்முகத்திலிருந்து கம்பி வழியே தலைநகரை எட்டியபோதுதான் அதன் அருமை விளங்கிற்று. உடனே ஓஷாநெசி லண்டனுக்கு அனுப்பப்பட்டு, பெருந்திட்டத்துக்கு அனுமதி பெற்றார். 1853 நவம்பரில் கல்கத்தாவில் வேலை தொடங்கியது. 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவிற்கு முதற்செய்தி வந்தது. ஐந்து மாதம் நிறைவதற்குள் 800 மைல்!

இவ்விரைவின் காரணத்தை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். நிலையான கம்பங்கள் எல்லாம் வந்து சேரட்டும் என அவர்கள் காத்திருக்கவில்லை. கிடைத்த மூங்கிலையும் மரத்தையும் முதலில் நட்டுக் கம்பியை ஓட்டினர். செய்தி போகத் தொடங்கிய பின் உறுதியான கம்பங்களை மாற்றினர். இதில் இடரும் இல்லாமல் இல்லை. மழையிலும் காற்றிலும் கம்பங்கள் சாய்ந்தன, செய்திகள் இடையில் அறுந்தன, கண்டனங்களும் எழுந்தன. எனினும், சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தலாம். நடாத கம்பத்தை நிமிர்த்தல் யார்க்கும் இயலாது.

1855 பிப்ரவரி முதல் பொதுமக்களுக்கும் தந்தி திறந்துவிடப்பட்டது. 16 சொற்களுக்கு 400 மைல் வரை ஒரு ரூபாய். அப்பொழுது கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கடற்கரை வழி நேர்க் கம்பி இல்லை. சென்னைக்குரிய செய்தி ஆக்ரா, இந்தூர், பம்பாய் சென்று, நம் பூனா வழியாகப் பெங்களூரை அடைந்து, பின்னரே சென்னை சேரும். ரயில் பூனாவை எட்டியது 1858ல். போர்காட் மலைச்சரிவில் ரயில் ஏறியது 1863ல். ஆக, நம் ஊருக்கு வண்டிக்கு முன்னே வந்தது கம்பியே!

பூனாவிலிருந்து 10ஆம் ஹுஸார் குதிரைப்படையைக் கிரிமியா யுத்தத்துக்கு விரைந்து அனுப்ப நேர்ந்தது. பம்பாய் அரசு கேட்ட கேள்வி ஒருநாள் காலை ஒன்பது மணியளவில் கல்கத்தா சேர்ந்தது. அதற்கு விடை சென்று, மறுமொழியும் அன்று மாலையே வந்துவிட்டது. முந்திய ஆண்டாயின் இதற்கு முப்பது நாள் ஆகியிருக்கும் என டல்ஹௌசி எழுதி வைத்துள்ளார்.

கம்பி விரைந்தாலும் மனிதர் தாமதிப்பது உண்டு. எமக்குப் பத்து வயதிருக்கும்போது, ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எம் தந்தையாருக்குத் தந்தி வந்தது. தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படுக என்பது வாசகம். கொடுத்த நாளுக்கும் கைக்கு வந்த நாளுக்கும் இடையே மூன்று நாள். தந்தையார் ஊர் போய்ச் சேருமுன் பால் தெளிப்பும் முடிந்துவிட்டது. அவர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. அந்தத் தாளை மட்டும் தம் தகரப் பெட்டியில், தாயார் எழுதுவித்த கடிதங்களோடு பத்திரமாக வைத்தார். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டபோது, அத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் மடித்து வைத்தார். இன்று அவரும் இல்லை.

சென்ற கோடையில் எம் மகள் அப்பெட்டியைத் திறந்தாள். தந்தியை வாசித்தாள், அது ஆங்கிலம். கொள்ளுப்பாட்டியின் தமிழ்க் கடிதங்களை வாசிக்க இயலாமல் எம்மிடம் நீட்டினாள். வீட்டில் தமிழ் பேசும் பெண்தான். மராத்தியில் நல்ல மதிப்பெண் பெறுபவள்தான். ஆனால் நம் எழுத்தை அவளுக்கு யாம் கற்பிக்கவில்லை. மூன்று நாள் தாமதத்திற்காக யாரையோ மனத்தில் வைது வந்த யாம், பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்திற்கு யாரை வைவது?

இச்சங்கத்தில் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்னும் தீர்மானம் ஆண்டுதோறும் நிறைவேறுகிறது. சொந்தக் கட்டடம் வரட்டும், தேர்ந்த ஆசிரியர் கிடைக்கட்டும் என்று ஆண்டுதோறும் ஒத்தியும் வைக்கிறோம். கை தூக்கியோரில் யாமும் ஒருவரே. ஆதலின் பிறரைக் குறை கூற எமக்கு உரிமை இல்லை. கட்டடம் வரும்போது வரட்டும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு எம் வீட்டுக் கூடத்தில் இரண்டு பாய் விரித்து வைக்கிறோம். கரும்பலகை ஒன்று வாங்கியாயிற்று. இலக்கணம் அறிந்த பெரியோர் எம் பிழைகளைத் திருத்தி உதவ வேண்டுகிறோம். நாலு பிள்ளைகள் வந்தாலும் அகரம் தொடங்கும். இது மூங்கில் கம்பமே, சாயக்கூடும். சாய்ந்தால் நிமிர்த்த நீங்கள் இருக்கிறீர்கள் என்னும் துணிவிலேயே நடுகிறோம்.