ஒரு நிரை, ஒரு பேர்



எங்கள் அம்மாயி இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் பார்த்த மனிதர்களில், பிறருக்காக ஜெபிப்பதை ஒரு கைவேலையைப் போல அத்தனை நேர்த்தியாகச் செய்தவர் அவர்தான். மன்றாட்டு ஜெபம் என்று சபைகளில் சொல்கிறோமே, அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து மலைக்கு ஏறினால் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்தெடுக்க வேண்டும். அம்மாயி நிரைக்குள் கால் வைக்கும்போதே ஒரு பேரைச் சொல்லிவிடுவார். "ஆண்டவரே, இந்த நிரை குவைத்துக்குப் போன புள்ளைக்கு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு கைகள் தம்பாட்டில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் போகும். நிரை முடியும் வரைக்கும் அந்தப் பிள்ளைதான் அவர் நெஞ்சில் இருக்கும். பள்ளிக்கூட லீவில் நானும் பின்னாலேயே போவேன். பக்கத்தில் நின்றால்தான் உதடு அசைவது தெரியும். இடுப்பில் கட்டிய படங்கு மழையில் நனைந்து கனத்திருக்கும். காலில் அட்டை ஏறும். குனிந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே பேரில் தொடர்வார். நிரையின் நடுவில் ஆளை மாற்றி நான் கண்டதில்லை.

இந்த மலைகளுக்குக் கிறிஸ்தவம் வந்த வழிகளில் ஒன்றை நினைத்தால் அம்மாயியின் பழக்கம் இன்னும் விளங்கும். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை அழைத்து வந்தது. அந்தத் திருநெல்வேலிச் சீமையில், சோற்றுக்கு அரிசி அளக்கும்போது கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது வீட்டுப் பெண்களின் வழக்கம். அம்மாயி எடுத்து வைத்தது அரிசியை அல்ல, தன் வேலையில் ஒரு நிரையை. மனசு வேறெங்கோ அலையக்கூடிய நேரத்தை அவர் இன்னொருவருக்கென்று ஒதுக்கினார்.

எந்தப் பழக்கத்துக்கும் நல்லது கெட்டது உண்டு. மன்றாட்டில் நல்லது எது என்று கேட்டால், முதலில் பேரைச் சொல்வது என்பேன். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று முடித்துவிடுவது சுலபம். அதில் யாருடைய முகமும் இல்லை. ஓ.எல். சோதனை எழுதப்போகிற பிள்ளை, கொழும்பில் கடையில் நிற்கிற பையன், மண் சரிந்துவிடுமோ என்று மழை இரவில் தூங்காமல் கிடக்கிற கடைசி லயத்துக்காரர் என்று ஆளாளாகச் சொன்னால் ஜெபம் கனக்கத் தொடங்கும். அந்தக் கனம் வேண்டும்.

இரண்டாவது, ஜெபித்த ஆளுக்காகக் கால் நடந்தும் போக வேண்டும். மாற்கு சுவிசேஷத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் வழியில்லை. கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். எங்கள் லயத்துக் கூரை தகரம் என்பதால் சின்ன வயதில் அந்தக் கதையை ஆணி கழற்றும் சத்தத்தோடுதான் நான் கற்பனை செய்வேன். படுத்திருந்தவனுடைய விசுவாசத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைத்தான் இயேசு பார்த்தார். தோட்டத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் கம்பளியில் தூளி கட்டி ரோடு வரைக்கும் தூக்கிப் போனவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2021இல் தோட்டத் தொழிலாளருக்கு ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வருவதற்கு முன்னால் எத்தனை வருஷம் ஜெபித்தோம், எத்தனை தடவை ரோட்டில் உட்கார்ந்தோம். இரண்டும் ஒரே ஜனங்கள் செய்ததுதான்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். ஜெபக் குறிப்பு என்ற பேரில் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டின் சங்கதியைக் கூட்டத்தில் விரிப்பது ஜெபத்தில் சேராது, அது புறணி. நோய் தீராதவரைப் பார்த்து "உனக்கு விசுவாசம் போதாது" என்பது அதைவிடக் கொடுமை. படுத்திருப்பவர் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றி வைக்கிறார்கள். இத்தனை காணிக்கை கொடுத்தால் இத்தனை ஆசீர்வாதம் என்று கணக்குப் போடுகிறவர்களிடமிருந்து எங்கள் ஜனங்களைக் கர்த்தர் காப்பாற்ற வேண்டும். இதை மனசார ஜெபிக்கிறேன்.

கிருபை என்ற சொல் இந்தக் கணக்குக்கு நேர் எதிரானது. தோட்டத்தில் பேர் என்றால் வெறும் பெயர் இல்லை, ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோவை எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு பெண்கள் நிற்கும் முகத்தை நான் மறக்கவில்லை. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம் வருகிறது. விடியலில் வந்தவனும், பொழுது சாயப்போகும் நேரத்தில் வந்து ஒரு மணி நேரமே வேலை செய்தவனும் ஒரே கூலி வாங்குகிறார்கள். இதற்குப் பலர் பல விளக்கங்கள் சொல்வார்கள். எங்கள் சனங்களுக்கு ஒரே வரியில் புரியும்: பிந்தி வந்தவனுக்கும் முழுப் பேர் போட்டுவிட்டார்! காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முணுமுணுத்ததும் புரியும். நாளெல்லாம் நிறுக்கப்படுகிற மனுஷருக்கு, நிறுக்காமல் கொடுக்கிற ஒருவர் உண்டு என்பது எவ்வளவு பெரிய செய்தி! அதை நம்புகிறவர்தான் தகுதி பார்க்காமல் பிறருக்காகக் கேட்க முடியும். அம்மாயி தன்னோடு பேச்சு வார்த்தை இல்லாத ஒரு பெண்ணுக்கும் நிரை கொடுத்தார், வருஷக்கணக்காக.

ஆனால் ஜெபிக்கிறவருக்கும் ஓர் அளவு உண்டு. நோட்டன் அணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சிறியது. காசல்ரீயில் தேங்கும் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு நோட்டனுக்கு வருகிறது. அங்கே கொஞ்சம் தங்கி லக்சபானாவுக்கு இறங்குகிறது. அடை மழையில் வான்கதவைத் திறக்காமல் தீராது. பிறருக்காக ஜெபிப்பவர் நெஞ்சும் அவ்வளவுதான் கொள்ளும். ஊரின் துக்கத்தையெல்லாம் சேர்த்து வைத்தால் உடைந்து போவார். வந்ததைக் கர்த்தரிடம் இறக்கி விட வேண்டும்.

இறக்கி விடுவது எப்போதும் லேசாக இருக்காது. ஒரு முறை மலையில் குளவி கலைந்து கொட்டியதில் அம்மாயியின் கூட்டாளி ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று நாள், நிரை நிரையாக அம்மாயி அவருக்கே கொடுத்தார். அவர் இறந்துவிட்டார். அன்றிரவு ஜெபிக்க உட்கார்ந்த அம்மாயிக்கு வார்த்தை வரவில்லை. சிமினி விளக்கை வெறித்தபடி வெகு நேரம் இருந்தார். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டியும் அது எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது என்று உபதேசியார் வந்து வாசித்தார். அது அன்றைக்கு ஆறுதலாக இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மறுநாள் மலைக்குப் போனதும் முதல் நிரையை இறந்தவரின் பிள்ளைகளுக்கென்று எடுத்தார். அது தெரியும்.

தெரிந்தவர்களுக்கு மட்டுமல்ல, தெரியாதவர்களுக்கும் அம்மாயி நிரை கொடுத்தார். நோட்டன் பிரிட்ஜில் ஒரு விமானச் சக்கரத்தின் டயர் காட்சிக்கு வைத்திருப்பதை நேயர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு, கட்டுநாயக்காவில் இறங்க வந்த மார்ட்டின்எயார் விமானம் எங்கள் ஏழு கன்னியர் மலையில் மோதியது. பயணிகள் 182 பேர், விமானப் பணியாளர் 9 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் யாருக்கும் இந்த மலையைத் தெரியாது. மலையில் உள்ள நமக்கும் அவர்களைத் தெரியாது.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், மேல் மலையில் கொழுந்தெடுக்கும்போது பனிமூட்டம் விலகி ஏழு கன்னியரின் தலை தெரிந்தது. அம்மாயி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்த நிரை பிளேன்ல வந்த சனங்களோட வீட்டு ஆளுங்களுக்கு" என்றார். எனக்குப் பத்து வயதிருக்கும்.

"அவங்க பேரு ஒண்ணுகூட நமக்குத் தெரியாதே அம்மாயி. எப்படிச் சொல்லுவீங்க?"

"எனக்குத் தெரியாட்டி என்ன. பேர் போடுறவருக்குத் தெரியும்."

கூடைக் கயிற்றை நெற்றியில் சரி செய்துகொண்டு குனிந்தார். நிரை நீளமானது, பாதியில் மழை பிடித்துவிட்டது. மற்றவர்கள் மரத்தடிக்கு ஓடினார்கள். அம்மாயி கடைசிச் செடி வரைக்கும் எடுத்து முடித்த பிறகுதான் இருவரும் கொழுந்து நிறுக்க இறங்கினோம்.