இரண்டு திரைகளும் ஓர் அட்டையும்

மாத்தளை மாவட்டத்திலே அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகப் பணியாற்றுபவன் நான். கலைப்பட்டதாரி, பொறியியல் பயின்றவன் அல்லன். ஆயினும் கணினிக்குரிய வரைகலை அட்டையைப் பற்றி இன்று பேச முன்வந்துள்ளேன். அதற்குக் காரணம் உண்டு.

கோப்பிக் காலத்திலே மன்னாரில் வந்திறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் கால்நடையாகவே மாத்தளையை அடைந்தவர் பலர். அவர்தம் வழிவந்த முதியோரின் நினைவுகளை எங்கள் மாணவர்கள் காணொளியாகப் பதிவு செய்து வருகின்றனர். பேசிய முதியோருள் இருவர் இன்று நம்மிடையே இல்லை. பதிவுகளை விரைவில் தொகுத்தாக வேண்டும்.

தொகுப்பவருக்கு இரண்டு திரைகள் இருத்தல் நலம். ஒன்றிலே வெட்டிய துண்டுகள், மற்றொன்றிலே முழுப்படம். இதைச் சொன்னதும் கடைக்காரர் ஒருவர் மிக உயர்ந்த விலையுள்ள அட்டையொன்றை எடுத்து வைத்தார். பெற்றோர் திரட்டித் தந்த பணம் முழுவதும் அதற்கே போயிருக்கும். கணினித் துறையிலே பணியாற்றும் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டேன். "சேர், திரையைப் பார்த்து வாங்காதீர்கள், கமராவைப் பார்த்து வாங்குங்கள்" என்றார் அவர்.

அதன் பொருளை ஒரு சிறு கணக்கு விளக்கும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையிலே 20 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைற் எனக் கொண்டால் ஒரு முழுப்படத்துக்கு ஏறத்தாழ 8 மெகாபைற். இரண்டு திரைக்கு 16. இன்றைய அட்டைகளின் நினைவகமோ பல ஆயிரம் மெகாபைற். 1999ஆம் ஆண்டிலேயே மட்ரொக்ஸ் ஜி400 என்ற அட்டை இரண்டு திரைகளைத் தாங்கியது. ஆகவே திரைகளின் எண்ணிக்கை பெரும் சுமையன்று.

சுமை வேறிடத்தில் உள்ளது. கமரா சுருக்கித் தரும் படத்தைக் கணந்தோறும் விரித்தல், நிறந்திருத்தல், மீண்டும் சுருக்குதல் ஆகியவையே அது. எச்.265 முறையிலே 4:2:2 என்றொரு வகை உண்டு. ஜீபோர்ஸ் அட்டைகளில் அதனை வன்பொருளாலேயே விரிக்கும் வசதி 2025இல் வந்த 50 வரிசையிலேதான் சேர்ந்தது. இன்ரெல் செயலிகள் சிலவற்றிலோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. உங்கள் கமரா எவ்வகையில் பதிவு செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, அட்டையின் வாய்களை எண்ணுங்கள். டிஸ்பிளே போர்ட் வாயிலிருந்து எச்.டி.எம்.ஐ. திரைக்குச் செல்லும் வடம் மறுதிசையிலே வேலை செய்யாது. மின்வழங்கியின் வலுவும் அட்டைக்குப் போதுமா எனப் பாருங்கள். திரைகளின் வடங்களை அட்டையிலேயே பொருத்துங்கள். தாய்ப்பலகையிலே பொருத்திவிட்டு அட்டையைக் குறைகூறுவோர் பலர்.

எங்கள் கமராவின் பதிவு சாதாரண வகையே. ஆகவே நடுத்தர விலையுள்ள அட்டையொன்று போதுமாயிற்று. மிஞ்சிய பணத்தில் கணினியின் நினைவகத்தைப் பெருக்கினோம். பதிவுகளுக்குப் பிரதியெடுத்து வைக்க இரண்டு வட்டுகளும் வாங்கினோம்.

மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வாய்வழி வந்த திரிபிடகம் ஏட்டிலே எழுதப்பட்டது என்பது மரபு. மனப்பாடம் செய்தோர் மறைந்தால் சொல்லும் மறையுமே என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அதே அச்சம் இன்று எங்களுக்கும் உண்டு. ஏடு தேவைக்கு ஏற்றதாக இருந்தாற் போதும். எழுதவேண்டியதைக் காலத்தில் எழுதிவிட வேண்டும்.