கணக்கு ஒப்புவிக்கும் அன்பு

(உலக சமூகப்பணி தினத்தை முன்னிட்டு, நமது சிற்றாலயத்தில் ஊழியர்களுக்கும் தாங்கும் நண்பர்களுக்கும் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை உலக சமூகப்பணி தினமாக அனுசரிக்கப்படுகிறது. இந்நாளில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். நமது மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கு அரசாங்கப் பதிவு வேண்டும். ஊசி போடும் செவிலியருக்கும் வேண்டும். விஷம் குடித்துப் பிழைத்த ஒரு பெண்ணின் கட்டிலருகே உட்கார்ந்து, அவளுடைய வீட்டு விஷயத்தை விசாரிப்பவருக்கு என்ன வேண்டும்? "நல்ல மனது இருந்தால் போதும்" என்பதே நெடுங்காலமாக நமது பதிலாக இருந்தது.

பிறரைக் குறைசொல்ல இதை நாங்கள் பேசவில்லை. எங்கள் சொந்தத் தவற்றிலிருந்து பேசுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், நமது மாவட்டத்தில் கல்லுடைக்கும் குடும்பத்து இளம்பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். அரளி விதையை அரைத்துக் குடித்திருந்தாள். மருத்துவர்கள் இரவெல்லாம் விழித்திருந்து காப்பாற்றினார்கள். மூன்றாம் நாள் அவள் எங்களிடம் மனந்திறந்து வீட்டில் படும் பாட்டைச் சொன்னாள். "வீட்டுல சொல்லிடாதீங்க ஐயா" என்றும் கேட்டுக்கொண்டாள்.

சமாதானம் பண்ணிவைப்பதே எங்கள் கடமை என்று நாங்கள் நினைத்தோம். புருஷனையும் மாமியாரையும் வரவழைத்தோம். அவள் சொன்னதையெல்லாம் அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துப் பேசினோம். புத்தி சொன்னோம், ஜெபித்தோம். எல்லாரும் தலையாட்டினார்கள். பஸ்ஸுக்குக் காசும் கொடுத்து அனுப்பினோம். "குடும்பம் ஒப்புரவானது" என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தோம்.

மூன்று வாரத்தில் அவள் திரும்பவும் வந்தாள். இந்தத் தடவை கையும் முறிந்திருந்தது. எங்களைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

அச்சமயம் திருச்சியிலிருந்து களப்பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சமூகப்பணி மாணவி அவளருகே உட்கார்ந்தார். முதல் நாள் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "இன்னும் சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டார். வீட்டுக்குப் போனால் பயம் உண்டா என்று கேட்டார். யாரிடம் என்ன சொல்லலாம் என்று அவளிடமே சம்மதம் வாங்கினார். அவள் விரும்பியபடி அவளுடைய அண்ணனை வரவழைத்தார். அவள் தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் போய்ப் பார்த்துவந்தார். அந்த மாணவி எழுதிய குறிப்புகளை வாரந்தோறும் அவருடைய ஆசிரியர் வாசித்துத் திருத்தினார். எங்கள் குறிப்பேட்டையோ அதுவரை ஒருவரும் வாசித்ததில்லை.

அன்பானவர்களே, இதை நாங்கள் மறக்கவே இல்லை. ஒரு செவிலியர் மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தால் விசாரணை நடந்திருக்கும். அவருடைய பதிவே போயிருக்கலாம். நாங்கள் ஓர் இரகசியத்தை மாற்றிக் கொடுத்தோம். எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் முறையிடவேண்டும் என்று நினைத்திருந்தாலும், போய்ச் சொல்ல அவளுக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

சமூகப்பணி நமக்குப் புதிதல்ல. 1895ஆம் ஆண்டில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற அம்மையார் நியமிக்கப்பட்டார். இலவச சிகிச்சைக்கு வருவோரில் உண்மையாகவே வசதியற்றவர் யார் என்று விசாரிப்பது அவருடைய முதல் வேலை. மருத்துவமனைச் சமூகப்பணி அங்கிருந்து வளர்ந்தது. நமது நாட்டில் 1936இல் பம்பாயில் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் ஓர் அமெரிக்க மிஷனெரி. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். ஆகப் படிப்பு வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் செவிலியர்களுக்கு 1947இலும் மருந்தாளுநர்களுக்கு 1948இலும் சட்டம் வந்ததுபோல, சமூகப்பணியாளருக்கு வரவில்லை. இங்கிலாந்தில் 2005முதல் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மைச் சமூகப்பணியாளர் என்று சொல்லிக்கொள்ள முடியும். இங்கேயோ விசிட்டிங் கார்டு அச்சடித்தால் போதும் என்ற நிலை இருந்தது.

இப்போது கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப்பணியாளர்களை மாநில மனநல ஆணையம் பதிவு செய்யவேண்டும் என்கிறது. 2021இல் வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ சமூகப்பணியாளரின் பெயரும் இருக்கிறது. மாநிலந்தோறும் ஒரு கவுன்சிலும் ஒரு பதிவேடும் வேண்டும், ஒழுங்கு தவறினால் பெயரை நீக்கலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். வேலை மெதுவாக நடந்ததால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இரண்டு மாதத்திற்குள் செயல்படுத்துங்கள் என்று மத்திய மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் இது சுகாதாரத் துறைக்குரிய சட்டம். குழந்தைகள் இல்லத்திலும் கிராமத்திலும் வேலை செய்கிற சமூகப்பணியாளர் எல்லாரையும் சேர்த்து ஒரு தேசியக் கவுன்சில் வேண்டும் என்பது இத்துறையினரின் நீண்டகாலக் கோரிக்கை.

"அப்படியானால் தொண்டர்களுக்கு இடமில்லையா?" என்று ஒரு நண்பர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1991இல் இந்தப் புதுக்கோட்டை மாவட்டம் அறிவொளி இயக்கத்தில் என்ன செய்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். தொண்டர்கள் ஊர் ஊராய்ப் போய் எழுத்தறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்கள். எந்த லைசென்சும் அந்தத் தொண்டர்களுக்குத் தேவைப்படவில்லை, இனியும் தேவைப்படாது. சாப்பாடு கொண்டுவருகிறவர், துணைக்கு இருக்கிறவர், இரத்தம் கொடுக்கிறவர் எவரும் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரு மனுஷியின் இரகசியத்தை வாங்கி, அவள் எங்கே போகவேண்டும், யாரோடு வாழவேண்டும் என்று யோசனை சொல்லப் போகிறவர், யாருக்கோ கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

இந்த மண்ணில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இரக்கம் குறைவா? ஆயினும் இரக்கம் இருக்கிறதே என்று படிப்பை விட்டுவிடவில்லை. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதன்பின் 1930இல் ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவரிடம் இரக்கமும் பயிற்சியும் சேர்ந்தே இருந்தன.

பதிவுச் சான்றிதழ் அன்பைக் கொண்டுவராது என்பதும் எங்களுக்குத் தெரியும். சட்டகம் போட்டு மாட்டிய சான்றிதழின் கீழே உட்கார்ந்துகொண்டு நோயாளியை அதட்டுகிறவர்களும் உண்டு. நல்ல சமாரியன் காயம் கட்டியதோடு நிற்காமல், அடிபட்டவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனான். திரும்பி வந்து விசாரிப்பவர் ஒருவர் உண்டு என்று சத்திரக்காரனுக்குத் தெரிந்திருந்தது. பதிவேடும் அதைத்தான் செய்கிறது.

நாங்களும் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். நோயாளி சொன்னதை அவர் சம்மதமின்றி வீட்டாரிடம் பேசுவதில்லை. விஷம் குடித்தவர்களிடம் போதகர் மட்டும் பேசி அனுப்பிவிடுவதில்லை. பயிற்சி பெற்ற சமூகப்பணியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எங்கள் குறிப்பேட்டையும் மாதம் ஒருமுறை வேறொருவர் வாசிக்கிறார்.

நண்பர்களே, கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் தாராளமாய்க் கொடுத்திருக்கிறீர்கள். இவ்வாண்டு நமது கிராமங்களிலிருந்து ஒரு பிள்ளையைச் சமூகப்பணி முதுகலை படிக்க அனுப்ப விரும்புகிறோம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை அதற்கென்று குறித்து அனுப்புங்கள். இன்னொன்றும் கேட்கிறோம். நீங்கள் தாங்குகிற எந்த இல்லத்திற்குப் போனாலும், நமது மருத்துவமனைக்கு வந்தாலுங்கூட, "இங்கே ஆலோசனை சொல்பவர் என்ன படித்திருக்கிறார், யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார்?" என்று கேளுங்கள். கேட்டால் நாங்கள் வருத்தப்படமாட்டோம்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்ட அந்தப் பெண்ணுக்காக, அன்றைக்கு எங்களை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.