ரோசியின் பெயர்



மலையாளத்தின் முதல் படம் ‘விகதகுமாரன்’. பேசாப் படம். எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் அது திரைக்கு வந்தது 1928-லா 1930-லா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதில் நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தவர் பி.கே. ரோசி. புலையர் சமூகத்தில் பிறந்தவர், புல்லறுத்துப் பிழைத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசி ஆடும் காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர்.

நாயகன் அவருடைய கூந்தல் பூவை முத்தமிடும் காட்சியில் திரைமீது கல் விழுந்தது. பிறகு அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்கள்.

திருவிதாங்கூரின் அரசுக் கோயில்கள் 1936 வரை புலையருக்குத் திறக்கவில்லை. அந்த ஊரில் ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாக நிற்கிறாள், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், பிறப்பால் வந்ததாகச் சொல்லும் உயர்வுக்கு என்ன பொருள்? ஒரு கதைக்கு எவ்வளவு வலு உண்டு என்பது கல்லெறிந்தவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. அதனால்தான் கல்லெடுத்தார்கள்.

ரோசி ஒரு லாரியில் ஏறித் தப்பினார். அதை ஓட்டிவந்த நாயரான கேசவ பிள்ளையை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்தார் என்று அவர் கதையைத் தேடியவர்கள் எழுதுகிறார்கள். திரையில் எந்த வேடத்துக்காக விரட்டினார்களோ, அதையே வீட்டுக்குள் ஆயுள் முழுதும் சுமக்க வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

படச்சுருள் இன்று இல்லை. ரோசியை மீட்டவர்கள் கதை சொல்லிகள்தாம். பத்திரிகையாளர் குன்னுகுழி எஸ். மணி தேடித்தேடி எழுதினார். வினு ஆபிரகாம் ‘நஷ்டநாயிகா’ நாவலை எழுதினார். 2013-இல் மலையாள இயக்குநர் கமலின் ‘செல்லுலாய்டு’ படம் வந்ததும் கேரளமே அவர் பெயரைக் கேட்டது. 2019-இல் மலையாள சினிமாவின் பெண் கலைஞர்கள் தொடங்கிய திரைப்படச் சங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. மறைத்து வாழ வேண்டியிருந்த பெயரை இன்று இளம் தலித் கலைஞர்கள் உரிமையோடு சொல்கிறார்கள்.

நெய்யாற்றின்கரையிலிருந்து நாகர்கோவில் வரை இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பாட்டிமார் காக்காரிசி ஆடிய பெண்கள் யாரையாவது நினைவு வைத்திருக்கலாம். இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் எந்த ஊர், என்ன வேடம் கட்டினார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று பெயரோடு எழுதி வையுங்கள்.