செல்லரித்த ஏடும் சிற்றம்பலமும்



அடைமொழி ஏதுமின்றிக் 'கோயில்' என்றால் வைணவருக்கு அது திருவரங்கம். சைவருக்கு அது தில்லை. பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில் தில்லைக் கோயிலைப் பற்றிப் பேசுவதற்குச் சமயம் சாராத காரணம் ஒன்றும் உண்டு. தமிழகத்தில் ஆடலுக்கும் அருளுக்கும் கதை சொல்லும் கோயில்கள் பல. நூல் எழுதப்பட்டதற்கும், அரங்கேறியதற்கும், அழிந்ததற்கும், மீட்கப்பட்டதற்கும் கதை சொல்லும் கோயில் தில்லையைப் போல் மற்றொன்று இருப்பது அரிது. எனவே கவிதை எழுதுவோர் அங்குச் செல்லும்போது கூத்தனைக் காண்பதோடு, கவிதையின் கதி என்ன என்ற கேள்வியையும் எதிர்கொள்கின்றனர்.

தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். உப்பங்கழிகளை ஒட்டி வளரும் அம்மரத்தைச் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் இன்றும் காணலாம். அந்தக் காட்டில்தான் புலிக்கால் முனிவரும் பதஞ்சலியும் தவம் செய்து ஆனந்தக் கூத்தைக் கண்டனர் என்கிறது புராணம். ஆடலில் தோற்ற காளி ஊரின் வட எல்லைக்குச் சென்று அமர்ந்தாள் என்பது மற்றொரு கதை. சிங்கவர்மன் சிவகங்கைத் தீர்த்தத்தில் மூழ்கி இரணியவர்மனாகப் பொன்னிறம் பெற்று எழுந்தான் என்பது இன்னுமொன்று. ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்பில் விரிந்திருக்கும் இக்கோயிலின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கதை உண்டு. அவற்றுள் நூல்களைப் பற்றிய கதைகள் மூன்று. கிழக்குக் கோபுரத்தின் வழியே நுழைவோர் அம்மூன்றையும் நடந்தே கண்டுவிடலாம்.

ஒரு சொல் தந்த மண்டபம்

கிழக்குக் கோபுரத்தில், பரத சாத்திரம் கூறும் 108 கரணங்களைக் கல்லில் ஆடிக்கொண்டிருக்கும் பெண்ணுருவங்களைக் கடந்து உள்ளே சென்றால், வலப்புறம் தெரிவது ஆயிரங்கால் மண்டபம். இராச சபை என்பதும் அதுவே. இரண்டாம் குலோத்துங்கனாகிய அநபாயன் காலத்தில், அதாவது 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் தம் திருத்தொண்டர் புராணத்தை இங்குதான் அரங்கேற்றினார் என்பது மரபு. நூலைத் தொடங்க முதற்சொல் கிட்டாமல் அவர் நின்றபோது அம்பலத்திலிருந்து ஒரு சொல் ஒலித்ததாம். சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய விரிவுரை அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது. நூலை யானைமேல் ஏற்றி, புலவரையும் உடன் ஏற்றி, மன்னன் பின்னிருந்து கவரி வீசினான் என்று அந்தக் கதை முடிகிறது.

முதற்சொல்லுக்குக் காத்திருக்கும் துன்பத்தைக் கவிஞர் அறிவர். தெய்வம் தந்தது ஒரு சொல் மட்டுமே. எஞ்சிய 4,000க்கும் மேற்பட்ட பாடல்களைச் சேக்கிழார்தாம் எழுத வேண்டியிருந்தது. கதை இங்கு மிக நுட்பமாக நடந்துகொள்கிறது. அருளையும் உழைப்பையும் அது ஒன்றுக்கொன்று பகையாக்கவில்லை.

படியில் வைத்த சுவடி

உட்சுற்றுக்குள் சென்றால் சிற்றம்பலம். அதற்கு ஏறும் ஐந்து படிகளை ஐந்தெழுத்தின் வடிவம் என்பர். மாணிக்கவாசகரின் கதை அந்தப் படிகளில் நிகழ்கிறது. அந்தணர் ஒருவர் வந்து திருவாசகத்தைச் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்கிறார். பாவையைப் பாடிய வாயால் கோவை ஒன்றும் வேண்டும் என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டு மறைகிறார். மறுநாள் அம்பலத்தின் படியில் ஒரு சுவடி கிடக்கிறது. அதன் இறுதியில் எழுதியவராகக் கையொப்பம் இட்டிருப்பவன் அம்பலவன். பொருள் கேட்டு வந்த தில்லைவாழ் அந்தணரிடம் மாணிக்கவாசகர் உரை எதுவும் கூறவில்லை. இதன் பொருள் இவரே என்று கூத்தனைச் சுட்டி அவனோடு கலந்தார்.

இக்கதையில் கடவுள் ஏற்ற வேடம் ஏடெழுதுவோன் வேடம். புலவன் என்ற பெருமையைப் புலவனுக்கே விட்டுவிட்டு, படியெடுக்கும் பணியை இறைவன் மேற்கொள்கிறான். ஊழிக்காலத் தனிமையைப் போக்கிக்கொள்ளவே அவன் திருவாசகத்தில் ஒரு படி எடுத்து வைத்தான் என்று பெ. சுந்தரம் பிள்ளை தம் மனோன்மணீயத்தில் 1891இல் புதுப்பொருள் கற்பித்தார். புராணக் கதை ஒன்று புதுக்கவிஞன் கையில் எவ்வாறு மறுபிறப்பு எடுக்கிறது என்பதற்கு அது சான்று.

பூட்டிய அறை

மூன்றாவது கதை பொன்னம்பலத்தின் மேற்பால் நிகழ்வது. முன்னிரண்டும் மகிழ்ச்சிக் கதைகள். இது அவ்வாறன்று.

உமாபதி சிவாச்சாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம் இக்கதையைச் சொல்கிறது. உமாபதியார் 14ஆம் நூற்றாண்டினர். தில்லைவாழ் அந்தணர் மரபில் தோன்றியும் அம்மரபினரால் விலக்கப்பட்டு ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ்ந்தவர் என்பது அவரைப் பற்றிய செய்தி. மூவர் பாடிய பதிகங்கள் முழுவதும் எங்கே என்று சோழ மன்னன் தேடுகிறான். திருநாரையூரில் பொல்லாப் பிள்ளையாரின் அருள்பெற்ற நம்பியாண்டார் நம்பி, அவை தில்லையில் ஓர் அறையில் மூவரின் கைம்முத்திரையோடு இருப்பதாக அறிந்து கூறுகிறார். அம்மூவரே நேரில் வந்தால் அன்றி அறை திறக்கப்படாது என்கின்றனர் தில்லை அந்தணர். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் உலாவாக எழுந்தருளச் செய்து, மூவரும் வந்துவிட்டனர் என்கிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்துப் பார்த்தால் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருக்கிறது. மன்னன் கலங்க, இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்தோம் என்று அசரீரி ஒலிக்கிறது.

புராணம் கூறும் கணக்கு நெஞ்சை நடுங்க வைப்பது. சம்பந்தர் பாடியவை 16,000 பதிகங்கள். அப்பர் பாடியவை 49,000. சுந்தரர் பாடியவை 38,000. ஆக, 1,03,000. இன்று கையில் இருப்பவை ஏறத்தாழ 800. நூற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை. எண்கள் மிகைபட உரைக்கப்பட்டவை எனலாம். ஆனால் எண்கள் பொய்யாயினும் இழப்பு பொய்யன்று.

இம்மன்னனை முதலாம் இராசராசன் என்றே மரபு கொண்டு, அவனைத் திருமுறை கண்ட சோழன் என்று போற்றுகிறது. கல்வெட்டுகளோ கதைக்கு அப்பாலும் பேசுகின்றன. இராசராசனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, நந்திவர்மப் பல்லவன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு, கோயிலில் திருப்பதியம் பாடுவோருக்கு நிவந்தம் அளித்ததைக் குறிக்கிறது. அறை பூட்டப்பட்டிருந்ததாகக் கதை கூறும் காலத்திலேயே பாட்டு வெளியே ஒலித்துக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். தேவாரம் முற்றிலும் மறைந்து மீண்டதன்று. சிதறிக் கிடந்தது ஒருங்கு திரட்டப்பட்டது, முறைப்படுத்தப்பட்டது, ஏழு திருமுறைகளாக வகுக்கப்பட்டது.

அப்படியானால் கதை எதற்கு? வரலாறு நிகழ்ந்ததைக் கூறும். கதை, நிகழ்ந்ததைப் பற்றி மக்கள் கொண்ட குற்றவுணர்வையும் சேர்த்துக் கூறும். புனிதமானது என்று பூட்டி வைத்தோம். பூட்டு கள்வரைத் தடுத்தது, கறையானைத் தடுக்கவில்லை. இதைச் சொல்லும் துணிவு அப்புராணத்துக்கு இருந்தது. அதுவும் தில்லையைப் பற்றித் தில்லையின் வழித்தோன்றல் ஒருவர் பெயரால் வழங்கும் நூலில். அசரீரி ஆறுதல் சொல்கிறது, உண்மைதான். ஆயினும் கவிதையை நேசிப்போர் அந்த ஆறுதலை எளிதில் ஏற்றுக்கொள்ளல் ஆகாது. வேண்டியது எஞ்சியது என்று எண்ணுவது, எஞ்சாதது வேண்டாதது என்று எண்ணுவதற்கு வழிவகுக்கும்.

ஏடும் மிடறும் கல்லும்

கதை அறையோடு முடியவில்லை. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூரில் அவர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவள் வழியாகவே பாடல்களுக்குப் பண் அமைத்துக்கொண்டனர் என்கிறது புராணம். மன்னன் பெயரையும் நம்பியின் பெயரையும் அறிந்தோர் அவளைப் பாணர் மரபுப் பெண் என்று மட்டுமே குறிப்பர். புற்றுக்குள் கிடந்த ஏட்டுக்கு உயிர் தந்த குரல் அவளுடையது. காத்தவன் என்ற பட்டம் கதவைத் திறந்தவனுக்குப் போயிற்று.

இதற்கு மாறான ஒரு காட்சி தஞ்சையில் உண்டு. இராசராசன் தான் எடுத்த பெரிய கோயிலில் திருப்பதியம் பாடப் பிடாரர் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்க இருவரையும் அமர்த்தினான். ஆளுக்கு நாள்தோறும் 3 குறுணி நெல். அவர்களுடைய பெயர்கள் கல்லில் உள்ளன. ஒருவர் இறந்தாலோ நீங்கினாலோ அவ்விடத்தில் யார் பாட வேண்டும் என்ற ஏற்பாடும் உள்ளது. பாட்டு நிலைக்க வேண்டுமானால் பாடுவோன் உண்ண வேண்டும் என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான். புராணம் காட்டும் மன்னன் அறையைத் திறந்தவன். கல்வெட்டு காட்டும் மன்னன் அறை மீண்டும் மூடாதபடி செய்தவன். பின்னவனே பெரியவன் எனத் தோன்றுகிறது.

கல்லுக்கும் ஒரு பெருமை உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவாரூர்ப் பகுதியில் உள்ள திருவிடைவாய்க் கோயிற் சுவரில் ஞானசம்பந்தரின் பதிகம் ஒன்று கல்வெட்டாகக் கண்டெடுக்கப்பட்டது. அது எந்த ஏட்டிலும் இல்லாதது. எந்த ஓதுவார் நாவிலும் இல்லாதது. ஓராயிரம் ஆண்டுக்கு முன் பாடிய குரல், ஒரு சிற்றூர்ச் சுவரில் யாரோ ஒரு சிற்பியின் உளியால் காக்கப்பட்டுக் காத்துக் கிடந்தது. கறையான் தின்ற கணக்கிலிருந்து ஒரு பதிகம் திரும்பி வந்தது.

ஏடு செல்லரிக்கும். குரல் மறக்கும். கல் சிதையும். ஒன்று தவறிய இடத்தில் மற்றொன்று தாங்கியதாலேயே தமிழ்க் கவிதை இன்றுவரை வந்துள்ளது. தாங்காத இடங்களும் உண்டு. உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிச் சென்றபோது, பழுதுபட்ட சுவடிகளை நெய்யில் தோய்த்துத் தீயிலிட்டுவிட்டதாகக் கேட்டு வருந்திய செய்தியைத் தமிழுலகம் அறியும். அங்கு அசரீரி எதுவும் ஒலிக்கவில்லை.

பூட்டும் திறப்பும் பழங்கதை அல்ல. சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாடுவது பற்றிய வழக்கும் வாதமும் நடந்து, 2008ஆம் ஆண்டு தமிழக அரசு அதற்கு ஆணை பிறப்பித்தது. அவ்வழக்கில் யார் பக்கம் நிற்பினும், ஒன்றை மறுத்தல் இயலாது: பாட்டு எங்கே, யார் வாயால் ஒலிக்க வேண்டும் என்ற வினா இம்மண்ணில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்த ஒரு வட்டத்திற்கு இக்கதை அயலாருடையது அன்று. படிக்கப்பட்ட கவிதைகளுள் எத்தனை இன்று யாரிடம் உள்ளன? கையெழுத்துப் படிகள் எந்தப் பெட்டிகளில் உறங்குகின்றன? இடையில் மறைந்த உறுப்பினரின் குறிப்பேடுகள் அவர்தம் இல்லத்தில் இன்னும் இருக்கின்றனவா, பழைய தாள்களோடு எடைக்குப் போயினவா? பாராட்டுரைகளை அச்சிடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. மலர் ஒன்று வெளியிடுவது கல்வெட்டுப் பொறிப்பது போன்ற செயல். ஆனால் 48 பிடாரரையும் போல அதை வாய்விட்டுப் பாடுவோரும், அவருக்குப் பின் பாடுவோரும் வேண்டும்.

எந்த ஊர்க் கோயிலில் தேவாரம் பாடினும் ஓதுவார் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லும் சொல் ஒன்று உண்டு. பாடல் எவ்வூரைப் பற்றியதாயினும் அந்தச் சொல் தில்லையையே குறிக்கும். ஏடு இழந்த இடத்தை மறவாதிருக்கவே அப்படிச் சொல்கின்றனர் என்று கொண்டாலும் தவறில்லை. அந்தச் சொல்லோடு இவ்வுரை நிறைகிறது.

திருச்சிற்றம்பலம்.